போனவங்களைக் கேக்கலையே



சில ஆண்டுகளுக்கு முன் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் என்னிடம் தூக்கி வந்தார்கள். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அதற்கு முன் மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் மூட்டுவாதம் என்றார்கள். இன்னோரிடத்தில் சீழ் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு உறிஞ்சியிருக்கிறார்கள். வந்தது ரத்தம். ஊசி குத்திய இடம் இரண்டு நாள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் ரத்தத்தைச் சோதித்தபோது உறைகாரணி 8 நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ரத்தம் எளிதில் உறையாத நோய், கடுமையான ஹீமோஃபீலியா.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? தகப்பனார் தம் பக்கத்தில் நான்கு தலைமுறையை விரல் மடக்கிச் சொன்னார். யாருக்கும் எதுவும் இல்லை. தாயாரும் யோசித்துவிட்டு, "எங்க பக்கமும் யாருக்கும் கிடையாதுங்க" என்றார். எழுதிக்கொண்டு காகிதத்தை மூடப் போனேன். மூலையில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பையனின் அம்மாச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார்: "இருக்கிறவங்களைத்தானே கேட்டீங்க டாக்டரம்மா. போனவங்களைக் கேக்கலையே."

அவருக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். ஆறு வயதில் பால் பல் விழுந்திருக்கிறது. ரத்தம் நிற்கவில்லை. ஈறில் மஞ்சள் வைத்தார்கள், படிகாரம் வைத்தார்கள், குலசாமிக்கு முடிந்துவைத்தார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டான். அதன் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அம்மாச்சியின் அக்காவுக்கும் ஒரு மகன். காது குத்திய அன்று கசியத் தொடங்கிய ரத்தம் ஒன்பதாம் நாள்தான் நின்றது. இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். இரண்டு முழங்காலும் மடங்கியபடி விறைத்துவிட்டன. ஊரில் எல்லாரும் அதை வாதம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

மூடப் போன காகிதத்தைத் திரும்ப விரித்தேன். ஒரு நோய் ஒரு குடும்பத்தில் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். காகிதமும் பென்சிலும் பொறுமையும் இருந்தால் அதில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். பெரிய பரிசோதனைகள் அதற்குப் பிறகுதான்.

நாங்கள் வரைவதைக் கொடிவழி என்று சொல்லலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவரைக் கறுப்பாக நிரப்புவோம். நோய்க்கான மரபணுவைச் சுமந்தும் நோயாளி ஆகாத பெண்ணுக்கு வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி. இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. கணவன் மனைவியை இணைப்பது ஒற்றைக் கோடு. அவர்கள் சொந்தத்துக்குள் மணந்தவர்கள் என்றால் இரட்டைக் கோடு. இந்த இரட்டைக் கோட்டை அடிக்கடி போடும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று.

வரைவது எளிது, கேட்பதுதான் கடினம். நம் வீடுகளில் வம்சம் என்றாலே அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஆண்வழியாகத்தான் மேலே போவோம். பூட்டனுக்கு நிலம் எங்கே இருந்தது என்பதுவரை தெரியும். பூட்டிக்கு எத்தனை அண்ணன் தம்பிகள் என்று கேட்டால் பதில் வராது. கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுக் கணக்கில் போய்விடுகிறாள், குழந்தையிலேயே இறந்தவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஹீமோஃபீலியா பயணம் செய்வதோ இந்த இரண்டு மறதிகளின் ஊடாகத்தான். பெண்கள் வழியாக வந்து பிள்ளைப் பருவத்து ஆண்களைக் கொண்டுபோகிறது. அதனால் நான் இப்போதெல்லாம் கேள்வியை மாற்றிவிட்டேன். உங்கள் அம்மா கூடப் பிறந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், பிறந்து தவறியவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாருக்காவது பல் பிடுங்கியபோது, காது குத்தியபோது, பிரசவத்தில், ரத்தம் நிற்காமல் போனதா? முட்டி மடங்கிப்போன மாமன் யாராவது உண்டா? இப்படிக் கேட்டால் வரும் பதில்கள் வேறு.

பெண்வழியாகக் கேட்க வேண்டும் என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர். யூதர்களின் சமய நூலான தல்மூதில் ஒரு வழக்கு இருக்கிறது. செப்போரிஸ் என்ற ஊரில் கூடப் பிறந்த பெண்கள் நால்வர். மூத்தவள் மகனுக்குச் சுன்னத்துச் செய்தார்கள், இறந்தான். இரண்டாமவள் மகனும் இறந்தான், மூன்றாமவள் மகனும் இறந்தான். நான்காமவள் தன் குழந்தையோடு ரப்பான் சிமியோன் பென் கமாலியேல் என்ற சமயகுருவிடம் வந்தாள். இவனுக்குச் செய்ய வேண்டாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். இது 2ஆம் நூற்றாண்டு. குரோமோசோம் என்ற சொல் பிறக்கப் பதினேழு நூற்றாண்டுகள் இருந்தன. தந்தையர் நால்வரும் வேறு வேறு ஆட்கள், தாய்மார் மட்டுமே ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அந்தத் தீர்ப்பு கவனித்திருக்கிறது. ஒரு தாயின் துயரத்தைக் கூர்ந்து கேட்டதிலிருந்து பிறந்த அறிவு அது.

1803இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கான்ராட் ஆட்டோ என்ற மருத்துவர், எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் நியூ ஹாம்ஷயரில் குடியேறிய ஒரு பெண்ணின் சந்ததியைத் தொடர்ந்துபோய் எழுதினார். ரத்தம் நிற்காமல் இறப்பவர்கள் ஆண்கள், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் தமக்கு ஒன்றும் இல்லாத பெண்கள். அச்சில் வந்த அந்தச் சில பக்கங்களில் முழுக் கொடிவழியும் அடங்கியிருந்தது.

ஆனால் உலகம் இந்த வடிவத்தைக் கண்ணால் பார்த்தது ஓர் அரச குடும்பத்தில். சாதாரணக் குடும்பத்தில் இறந்த குழந்தை மறக்கப்படும், அரச குடும்பத்திலோ ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் பதிவாகிவிடும். விக்டோரியா மகாராணிக்கு ஒன்பது பிள்ளைகள். எட்டாவது பிள்ளை லியோபோல்டு, 1853இல் பிறந்தவர், ஹீமோஃபீலியா உள்ளவர். 1884இல் பிரான்சின் கான் நகரில் வழுக்கி விழுந்து மூளையில் ரத்தம் கசிந்து முப்பது வயதில் இறந்தார்.

லியோபோல்டுக்குக் கீழே கொடிவழி என்ன சொல்கிறது பாருங்கள். அவருக்கு ஒரு மகள், அவர் இறந்தபின் பிறந்த ஒரு மகன். மகனுக்கு நோய் இல்லை. மகள் ஆலிஸுக்குத் தந்தையின் மரபணு வந்தே தீரும், அவருடைய மகன் ரூபர்ட்டுக்கு நோய் வந்தது. 1928இல் ஒரு கார் விபத்துக்குப் பிறகு, வேறொருவர் பிழைத்திருக்கக்கூடிய காயத்தில், இருபது வயதில் அவர் இறந்தார். நோயுள்ள தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை, மகள் வழியாகப் பேரனுக்குப் போகலாம். கொடிவழியில் இந்தத் தாண்டலைக் கண்டால் எங்களுக்குப் பாதி விடை கிடைத்தது போல.

விக்டோரியாவின் மகள்களில் இருவர் புள்ளியிட்ட வட்டங்கள். லியோபோல்டின் அக்கா ஆலிஸ் ஜெர்மனியின் ஹெஸ்ஸுக்கு மணமாகிப் போனார். அவருடைய இரண்டு வயது மகன் 1873இல் சன்னலிலிருந்து விழுந்து இறந்தான். ஆலிஸின் மகள்களில் ஐரீன் பிரஷ்யாவுக்கும், அலிக்ஸ் ரஷ்யாவுக்கும் போனார்கள். ஐரீனின் மகன்களில் இருவருக்கு நோய். அலிக்ஸ்தான் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் மனைவி அலெக்சாந்திரா. நான்கு பெண்களுக்குப் பிறகு 1904இல் பிறந்த ஒரே மகன் அலெக்சிக்குத் தொப்புளிலேயே ரத்தம் கசிந்தது. கடைக்குட்டி பியாட்ரிஸின் மகள் எனா 1906இல் ஸ்பெயின் மன்னரை மணந்தார், அங்கே இரண்டு மகன்களுக்கு நோய். இங்கிலாந்தில் முடிசூடிய மகன் எட்வர்டுக்கு நோய் இல்லை, ஆகவே அவர் கிளையில் இன்றுவரை இது இல்லை. சுமக்காதவரால் கொடுக்க முடியாது.

விக்டோரியாவுக்கு எங்கிருந்து வந்தது? தந்தைக்கு நோய் இல்லை. தாய்க்கு முதல் மணத்தில் பிறந்த மகளின் சந்ததியிலும் நோய் தென்படவில்லை. ஆகவே பிழை புதிதாக, விக்டோரியாவின் தந்தையின் விந்தணுவிலோ விக்டோரியா உருவானபோதோ நேர்ந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அவர் பிறந்தபோது தந்தைக்கு ஐம்பத்தொரு வயது.

கொடிவழி இவ்வளவு சொன்னது. ஒன்றை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. ஹீமோஃபீலியாவில் இரண்டு வகை உண்டு. உறைகாரணி 8 குறைந்தால் ஏ வகை, 9 குறைந்தால் பி வகை. இரண்டும் ஒரே வழியில்தான் இறங்கும், கொடிவழியும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வேறு என்பதே 1952இல்தான் தெளிவானது. ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ் என்ற ஐந்து வயதுச் சிறுவனின் பெயரால் இரண்டாவதைக் கிறிஸ்துமஸ் நோய் என்று அழைத்தார்கள். அரச குடும்பத்தில் வந்தது எந்த வகை என்பதற்கு 2009வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1918இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜார் குடும்பத்தின் எலும்புகள் எக்கத்தரின்பர்க் அருகே கிடைத்தன. அலெக்சியின் எலும்புகள் 2007இல் கிடைத்தன. அவற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யில் உறைகாரணி 9க்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அலெக்சாந்திராவிடம் ஒரு பிரதி சரி, ஒரு பிரதி பிழை. மகள்களில் ஒருத்தியிடமும் அப்படியே. பென்சிலால் போட்ட புள்ளிகளை எலும்புகள் வந்து சரி என்றன. இதை மாணவர்களிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும். பதின்மூன்று வயதில் கொல்லப்பட்ட பையனின் எலும்பு அது என்பதும் உடனே நினைவுக்கு வரும்.

ஏன் ஆண்களுக்கே வருகிறது? உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தது நமக்குத் தெரியும். ஓர் ஏட்டில் செல்லரித்த வரியை இன்னோர் ஊரில் கிடைத்த ஏட்டைப் பார்த்து நிரப்பினார்கள். ஒரே பிரதிதான் உண்டு என்றால், அரித்தது அரித்ததுதான். பெண்ணின் உடலில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு பிரதி, ஆணிடம் ஒன்றே. உறைகாரணி 8, 9 இரண்டுக்குமான செய்தி அந்த எக்ஸில் இருக்கிறது. மகன் எக்ஸைப் பெறுவது தாயிடமிருந்து மட்டும். தந்தை அவனுக்குத் தருவது ஒய். அதனால் புள்ளியிட்ட தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒன்று வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் சுமக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு.

ஏட்டு உவமை ஓரிடத்தில் போதாது. பெண்ணின் ஒவ்வொரு செல்லும் இரண்டு பிரதிகளில் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு மற்றதை மட்டுமே வாசிக்கிறது. 1961இல் மரபியலறிஞர் மேரி லயன் இதைச் சொன்னார். எந்தப் பிரதியைக் கட்டுவது என்பது தற்செயல். பிழையில்லாத பிரதி அதிகச் செல்களில் கட்டப்பட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் உறைகாரணி குறையும். மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு, பிரசவத்தில் ஆபத்து எல்லாம் வரும். "உனக்கு நோய் இல்லை, நீ கடத்தி மட்டும்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் பலர் இதை வாழ்நாள் முழுக்கப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கடத்தி என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. நம் காதில் அது கடத்தல்காரி என்று விழுகிறது. நான் ஏந்தி என்கிறேன். அவள் எதையும் திருட்டுத்தனமாகக் கொண்டுவரவில்லை, அறியாமல் ஏந்தியிருந்தாள்.

அந்தப் பையனின் வீட்டுக்குத் திரும்புவோம். அம்மாச்சியின் தம்பி, அக்காள் மகன், பேரன் மூவருக்கும் நோய் என்றால் அம்மாச்சி ஏந்தி, அவருடைய அக்காவும் ஏந்தி, இருவரின் தாயும் ஏந்தி. பையனின் அம்மாவும் ஏந்தி. இவ்வளவும் இந்தப் பெண்களிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் தெரிந்தது. அம்மாவின் அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு நல்ல ஆரோக்கியத்தோடு இரண்டு மகன்கள், அடுத்து ஒரு மகள். "எனக்கு ரெண்டு பையனும் நல்லா இருக்காங்களே, அப்ப எனக்கு இல்லைதானே?" என்று கேட்டார்.

இப்படிக் கணக்கிடலாம். இவரைப் போல எண்பது அக்காமார் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாய் ஏந்தி என்பதால் சரிபாதி, நாற்பது பேர், ஏந்திகளாக இருப்பார்கள். ஏந்தியின் ஒரு மகன் தப்பிக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு, இரண்டு மகன்களும் தப்பிக்க நான்கில் ஒன்று. ஆக நாற்பது ஏந்திகளில் பத்துப் பேருக்கு இரண்டு மகன்களும் நலமாக இருப்பார்கள். ஏந்தி அல்லாத நாற்பது பேருக்கும் மகன்கள் நலமே. நலமான இரு மகன்களோடு நிற்பவர்கள் மொத்தம் ஐம்பது பேர், அவர்களில் பத்துப் பேர் ஏந்தி. ஐந்தில் ஒன்று. பாதியாக இருந்த வாய்ப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. இரண்டு நல்ல பிள்ளைகள் ஆறுதல்தான், சான்றிதழ் அல்ல. மரபணுச் சோதனை செய்தோம். அவர் ஏந்தி இல்லை. மகளைப் பற்றிய கவலையும் அன்றோடு தீர்ந்தது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வேறொரு குடும்பம். தாய்மாமனுக்கு ஹீமோஃபீலியா. "வெளியில யாரு பொண்ணு குடுப்பா? அக்கா பொண்ணுன்னா நம்ம பிள்ளைன்னு பாத்துக்குவா" என்று பேச்சு நடந்தது. அன்பில் பிறந்த யோசனைதான். கணக்குப் போடுங்கள். மாமனின் தாய் ஏந்தி. அக்கா ஏந்தியாக இருக்க இரண்டில் ஒன்று, அக்காள் மகள் ஏந்தியாக இருக்க நான்கில் ஒன்று. பிறக்கும் பெண் குழந்தைக்குத் தந்தையின் பிழைபட்ட எக்ஸ் கட்டாயம் வரும். தாயும் ஏந்தியாக இருந்து அந்தப் பிழையையே கொடுத்தால் இரண்டு பிரதியும் அரித்தவை. எட்டில் ஒரு வாய்ப்பு. பெண்ணுக்கு வராது என்று நாமெல்லாம் படித்த ஹீமோஃபீலியா பெண்ணுக்கும் வரும். மகனுக்கும் அதே எட்டில் ஒன்று. ஏந்தியல்லாத வெளிப்பெண்ணை மணந்தால் மகன்களுக்கு இவர் வழியாக வரவே வராது. தாய்மாமன் சீரும் உரிமையும் நம் வாழ்வின் அழகுகள், அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திருமணத்துக்கு முன் அந்தப் பெண்ணின் ரத்தத்தை ஒருமுறை சோதியுங்கள் என்றுதான் கேட்டேன்.

எல்லா நோய்க்கும் இதே வடிவம் இல்லை. தலாசீமியா போன்றவற்றில் தாய் தந்தை இருவருமே நலமாக, ஆளுக்கொரு பிழைப் பிரதியோடு இருப்பார்கள். ஆண் பெண் வேறுபாடில்லாமல் நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரலாம். 1902இல் ஆர்ச்சிபால்டு காரட், சிறுநீர் கறுத்துப்போகும் ஓர் அரிய நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரில் பலர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்பதைக் கவனித்தார். இந்த வகையை மனிதரில் அடையாளம் காண வழி திறந்தது அதுதான். மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் ஒவ்வொரு தலைமுறையிலும் முகம் காட்டும், தந்தையிடமிருந்து மகனுக்கும் போகும். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரை ஊர்களில் நான்சி வெக்ஸ்லரும் அவர் குழுவினரும் பதினெட்டாயிரம் பேருக்கு மேல் கொடிவழி வரைந்தார்கள். அவருடைய தாயே அந்த நோயால் இறந்தவர். 1993இல் மரபணு பிடிபட்டது அந்தக் கொடிவழிகளின் துணையோடுதான்.

கொடிவழியில் எதுவுமே கிடைக்காத வீடுகளும் உண்டு. ஹீமோஃபீலியா நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்வரலாறு கிடையாது. 1935இல் மரபியலறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதை எண்ணிப் பார்த்தார். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன். நோயுள்ள ஆண்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் பிள்ளை பெறும் முன்பே இறந்தார்கள். அப்படியானால் நோய் சில தலைமுறைகளில் அற்றுப்போயிருக்க வேண்டும். போகவில்லை. எக்ஸ் குரோமோசோம்களில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் நோயுள்ள ஆண்களோடு அழியும் அந்த மூன்றில் ஒரு பங்குப் பிழைகளுக்கு ஈடாகப் புதுப்பிழைகள் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். யார் வீட்டிலும், யார் செய்த குற்றமும் இல்லாமல், இது தொடங்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொடிவழி வரைந்து முடித்ததும் அறையில் சில நேரம் ஒரு மௌனம் விழும். பிறகு யாராவது, "அப்ப இது பொண்ணு வீட்டுச் சீக்குதான்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். அதனால் புள்ளியைப் போடுவதற்கு முன்பே நான் பேசிவிடுகிறேன். இந்த மேசையைச் சுற்றி இருக்கும் எல்லாரிடமும், என்னிடமும், ஏதேனும் சில மரபணுக்களில் பிழைப் பிரதி உண்டு. இவருடையது எது என்று தெரிந்துவிட்டது, நம்முடையது தெரியவில்லை. இந்தப் பையனின் தகப்பனார் அதைக் கேட்டுவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லா அறைகளிலும் அப்படி நடப்பதில்லை.

பையனின் அம்மாவுக்குத் தங்கையும் ஒருத்தி. அவளும் சோதனைக்கு வந்தாள், ஏந்தி என்று தெரிந்தது. ஈராண்டு கழித்துக் கருவுற்றபோது முதல் மாதமே அந்தப் பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்கேனில் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆகவே நோயுள்ள ஆண் குழந்தை என்றே எண்ணி ஏற்பாடு செய்தோம். உறைகாரணி இருப்பில் உள்ள மருத்துவமனை. ஆயுதமோ உறிஞ்சு கருவியோ போட்டு இழுக்கக் கூடாது என்று கேஸ் தாளின் மேலேயே சிவப்பில் எழுதினார்கள். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதனை, அதன் முடிவு வரும்வரை சதையில் ஊசி இல்லை.

ஆண் குழந்தைதான். நோயும் இருந்தது. ஆனால் பிறந்த முதல் நாளே நமக்குத் தெரிந்திருந்தது. தலையில் ரத்தக்கசிவு இல்லை, முட்டியும் வீங்கியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உறைகாரணி ஊசி இலவசமாகப் போட்டுக்கொள்கிறான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஏ வகை நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை தந்து ரத்தப்போக்கு நின்ற செய்தி 2024இல் வந்தபோது, அவன் அம்மா அந்தச் செய்தித்தாளைக் கத்தரித்து எடுத்து வந்து என்னிடம் காட்டினாள்.

அம்மாச்சியும் உடன் வந்திருந்தார். காகிதத்தைத் தம் பக்கம் திருப்பச் சொன்னார். தம்பிக்காக நான் போட்டிருந்த கறுப்புச் சதுரத்தின் மேல் விரலை வைத்தார். "இதுக்குக் கீழ பேரு எழுதலையே" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.